லைம் நோய்க்குப் பிறகும் விடாத தொல்லைகள்: சந்தையில் எதை வாங்கலாம், எதைத் தொடவே கூடாது

உண்ணி கடித்தது, அது ஏற்றும் பாக்டீரியாவால் வரும் லைம் நோயின் அடையாளமான சிவந்த வளையம் வந்தது, டாக்சிசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக் 100 மி.கி. தினம் இரண்டு வேளையாகப் பத்து நாளும் முடித்தாயிற்று. வளையம் மறைந்துவிட்டது. ஆறு மாதம் கழித்தும் இரண்டு மாடி ஏறினால் மறுநாள் படுக்கையை விட்டு எழ முடியவில்லை. வலி ஒரு மூட்டிலிருந்து இன்னொரு மூட்டுக்குத் தாவுகிறது. பேச்சுக்கு நடுவே சொல் தொலைந்து போகிறது. இப்படி இருப்பவர் இணையத்தில் தேடினால் முதலில் கண்ணில் படுவது மருத்துவக் குறிப்பு அல்ல, கடை. பரிசோதனைப் பெட்டி, மூலிகைத் தொகுப்பு, நரம்பு வழி மருந்து ஏற்றும் மையம், அகச்சிவப்பு வெப்ப அறை, கைப்பட்டை, காலுறை என்று எல்லாம் வரிசை கட்டி நிற்கின்றன. எரிகிற வீட்டில் பிடுங்கியது லாபம் என்று வந்தவர்களும் அந்த வரிசையில் இருக்கிறார்கள், உண்மையிலேயே உதவும் பொருளை விற்பவர்களும் இருக்கிறார்கள். பெட்டியின் மேல் அச்சிட்டதைப் படித்து யார் எவர் என்று பிரிக்க முடியாது.

இங்கே ஒவ்வொன்றையும் ஒரே கேள்வியால் எடை போட்டிருக்கிறோம். இதை வாங்கினால் நாளைக்கு நீங்கள் செய்யப்போகும் ஏதாவது ஒன்று மாறுமா? மாறாது என்றால், அது எவ்வளவு துல்லியமான கருவியாக இருந்தாலும் அலமாரியில்தான் கிடக்கப் போகிறது.

முன்குறிப்பாகச் சில விஷயங்கள். அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் லைம் என்ற ஊரிலும் அக்கம்பக்கத்திலும் 1970-களின் நடுவில் குழந்தைகளுக்குக் கூட்டம் கூட்டமாக மூட்டுவீக்கம் வந்ததால் இந்தப் பெயர். கிருமியை உண்ணியின் குடலில் 1981-ல் கண்டுபிடித்தவர் வில்லி பர்க்டோர்ஃபர். கிருமியின் பெயரில், பொரேலியா பர்க்டோர்ஃபெரி என்று, அவர் இன்றும் இருக்கிறார். உரிய மருந்தை முழுதாக எடுத்தவர்களில் ஏறக்குறைய 5 முதல் 10 சதவீதம் பேருக்குக் களைப்பு, உடல்வலி, நினைவுத் தடுமாற்றம் ஆகியவை மருந்து முடிந்து ஆறு மாதத்துக்கு மேலும் நீடிக்கின்றன என்பது அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையமான சிடிசி சொல்லும் கணக்கு. மருத்துவர்கள் இதைச் சிகிச்சைக்குப் பிந்தைய லைம் நோய்க்குறித் தொகுதி என்கிறார்கள். காரணம் இன்னும் உறுதியாகவில்லை. கிருமியின் சுவரிலிருந்து உதிர்ந்த துணுக்குகள் மூட்டில் தங்கி அழற்சியைத் தூண்டுவது, நோய் எதிர்ப்பு மண்டலம் அடங்க மறுப்பது, துடிப்பையும் ரத்த அழுத்தத்தையும் தாமாக ஆளும் தானியங்கி நரம்புகள் தடம் மாறுவது ஆகியவைதான் இன்று முன்னணியில் உள்ள விளக்கங்கள். தொல்லை உண்மை. அதில் யாருக்கும் சந்தேகம் வேண்டாம்.

எதையும் வாங்குவதற்கு முன் விலக்க வேண்டியவை சில உண்டு. முழங்கால் கண்ணுக்குத் தெரியும்படி வீங்கினால் அது இந்தத் தொகுதி அல்ல, லைம் மூட்டழற்சி. அதற்கு 28 நாள் ஆன்டிபயாடிக் என்று தனி வழி இருக்கிறது. முகத்தின் ஒரு பக்கம் தொங்கினாலோ, நாடித்துடிப்பு விட்டு விட்டு வந்து தலைசுற்றி விழுந்தாலோ அன்றே மருத்துவமனை. இரவில் சட்டை நனையும் வியர்வையும் விட்டு விட்டுக் காய்ச்சலும் இருந்தால் பபீசியா என்ற ஒட்டுண்ணியும் அதே உண்ணிக்கடியில் கூடவே வந்திருக்கலாம். அது டாக்சிசைக்ளினுக்கு மசியாது, ரத்தப் பூச்சுப் பரிசோதனையில் பிடிபடும். தைராய்டு, இரும்புச்சத்து, பி12, உறக்கத்தில் மூச்சுத் தடை இவற்றையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். எல்லாப் பழியும் உண்ணி மேல் விழுந்துவிட்டால் பக்கத்தில் நிற்கும் திருடன் தப்பிவிடுவான்.

வீட்டுக்கு வரும் ரத்தப் பரிசோதனைப் பெட்டி

விரல் நுனியில் குத்தி, அட்டையிலோ சிறு குழாயிலோ ரத்தம் எடுத்து அஞ்சலில் அனுப்பும் பெட்டி. செய்முறை எளிது. கையை வெந்நீரில் இரண்டு நிமிடம் வைத்து, மோதிர விரலின் ஓரத்தில் குத்தி, முதல் சொட்டைத் துடைத்துவிட்டு அடுத்ததை எடுக்க வேண்டும். விரலைப் பிழிந்தால் திசுநீர் கலந்துவிடும். பெட்டியின் தரத்தில் பெரிய குறை இல்லை. குறை அது பதில் சொல்லும் கேள்வியில் இருக்கிறது.

இந்தப் பரிசோதனை கிருமியைத் தேடுவதில்லை, கிருமிக்கு எதிராக உடல் செய்த ஆன்டிபாடியைத் தேடுகிறது. நோய் குணமான பிறகும் அந்த ஆன்டிபாடி பல ஆண்டுகள் ரத்தத்தில் இருக்கும். ஆகவே ஏற்கெனவே லைம் வந்து மருந்து எடுத்தவருக்குப் பாசிட்டிவ் என்று வந்தால் "வந்திருந்தது" என்று அர்த்தம். "இருக்கிறது" என்று அர்த்தம் அல்ல. நெகட்டிவ் வந்தாலும் களைப்பு போகப் போவதில்லை. இரண்டு விடையும் நாளைய வேலையை மாற்றுவதில்லை.

ஆன்டிபாடி கிருமியின் எந்தெந்தப் புரதத்தோடு ஒட்டுகிறது என்று கோடுகளாகக் காட்டுவது வெஸ்டர்ன் பிளாட் பரிசோதனை. சில ஆய்வகங்கள் அனுப்பும் அதன் அறிக்கையில் வேறு ஒரு பொறி இருக்கிறது. தாளின் இடது ஓரத்தில் 18, 23, 28, 30, 39, 41, 45, 58, 66, 93 என்று எண்கள் இருக்கும். ஒவ்வொன்றும் ஒரு புரதத்தின் எடை, அலகு கிலோடால்டன். ஐஜிஜி வகை ஆன்டிபாடிக்கு இந்தப் பத்தில் ஐந்து கோடாவது தெரிந்தால்தான் பாசிட்டிவ். நோயின் தொடக்கத்தில் முதலில் உருவாகும் ஐஜிஎம் வகைக்கு 23, 39, 41 என்ற மூன்றில் இரண்டு வேண்டும். அதுவும் நோய் தொடங்கிய முதல் 30 நாளுக்குள் மட்டுமே கணக்கில் சேரும். 41-ஐக் கவனியுங்கள். அது கிருமி நீந்தப் பயன்படுத்தும் இழையின் புரதம். இதே போன்ற இழை பல சாதாரண பாக்டீரியாக்களுக்கும் உண்டு என்பதால் ஆரோக்கியமானவர்கள் பலருக்கும் 41-ல் கோடு விழும். அந்த ஒற்றைக் கோட்டைச் சிவப்பு வட்டமிட்டு, "எங்கள் ஆய்வகத்தின் சொந்த அளவுகோலின்படி" என்று ஒரு வரியும் சேர்த்து அறிக்கை வந்தால், அந்தச் "சொந்த அளவுகோல்" என்ற இரண்டு சொல்லுக்காகவே அதை மூடி வைத்துவிடலாம். நோய் தொடங்கி ஓராண்டு ஆனவருக்கு ஐஜிஎம் மட்டும் பாசிட்டிவ் என்று வந்தாலும் அதே கதைதான், பெரும்பாலும் பொய்யான பாசிட்டிவ்.

சிறுநீரில் லைம் துணுக்கு தேடும் பரிசோதனை, சிடி57 என்ற வெள்ளையணு வகையின் எண்ணிக்கை, ஒரு சொட்டு ரத்தத்தை நுண்ணோக்கியில் உயிரோடு காட்டும் காட்சி ஆகியவை இன்னும் மோசம். பிய்த்து எடுத்த உண்ணியை அனுப்பிச் சோதிக்கும் சேவையையும் சிகிச்சை முடிவுக்காக சிடிசி பரிந்துரைப்பதில்லை. உண்ணியில் கிருமி இருந்தால் உங்களுக்கு ஏறியிருக்கும் என்று பொருளல்ல.

எங்கள் தீர்ப்பு: நீடித்த அறிகுறிக்காரர்கள் வாங்க வேண்டாம்.

மாதக்கணக்கில் நரம்பு வழி ஆன்டிபயாடிக் ஏற்றும் மையங்கள்

கேட்கும்போது நியாயமாகத்தான் படும். பத்து நாள் மருந்துக்குப் போகாத தொல்லை பத்து வாரத்துக்குப் போகாதா? இதை யாரும் சோதிக்காமல் விடவில்லை. 2001-ல் 129 பேரிடம் நடந்த சோதனையில் 30 நாள் நரம்பு வழி செஃப்ட்ரையாக்சோன், பிறகு 60 நாள் டாக்சிசைக்ளின் கொடுத்தார்கள். மறுபாதிக்கு வெறும் போலி மருந்து. ஆன்டிபாடி பாசிட்டிவாக இருந்தவர்களில், மருந்து பெற்றவர்கள் 37 சதவீதம் பேர் தேறினார்கள். போலி மருந்து பெற்றவர்களில் தேறியவர்கள் 40 சதவீதம். இரண்டு பக்கமும் 34 சதவீதம் பேருக்கு மோசமானது. 2008-ல் வெளியான சிறிய சோதனையில் 10 வாரம் செஃப்ட்ரையாக்சோன் ஏற்றியபோது நினைவாற்றல் சற்றுக் கூடியது, 24-ஆம் வாரத்தில் பழைய இடத்துக்கே திரும்பிவிட்டது. 2016-ல் நெதர்லாந்தில் 280 பேரிடம் நடந்த பெரிய சோதனையில், முதல் இரண்டு வாரச் செஃப்ட்ரையாக்சோனுக்குப் பிறகு இன்னும் 12 வாரம் மருந்தை நீட்டியவர்களுக்கும் போலி மருந்துக்கும் வித்தியாசமே இல்லை.

நீண்ட மருந்துக்காக வாதாடுபவர்கள் கையில் வைத்திருக்கும் ஒரே துருப்பு 2003-ல் 55 பேரிடம் நடந்த சோதனை. அதில் 28 நாள் மருந்துக்குப் பிறகு களைப்பு குறைந்தது உண்மை. ஆனால் யோசிக்கும் வேகம் மாறவில்லை. மருந்துக் குழுவில் பலர் தாங்கள் பெறுவது நிஜ மருந்து என்று சரியாகவே ஊகித்துவிட்டார்கள். களைப்பு போன்ற, நோயாளியே சொல்லி அளக்க வேண்டிய விஷயத்தில் இது சின்னக் கசிவு அல்ல. பக்கவிளைவுகளைப் பார்த்துவிட்டு அந்த ஆய்வாளர்களே இதைப் பரிந்துரைக்கவில்லை.

இனி என்ன கெடும் என்று பார்ப்போம். மேல்கையில் செருகி இதயத்துக்கு அருகே வரை போகும் குழாய் மாதக்கணக்கில் உள்ளே இருக்கும். தோலில் வாழும் கிருமி அந்தக் குழாயைப் பிடித்துக்கொண்டு நேராக ரத்தத்துக்குள் இறங்கும். குழாயைச் சுற்றி ரத்தம் உறையும். செஃப்ட்ரையாக்சோன் பித்தப்பையில் கல்லாகப் படியும். குடலில் நல்ல பாக்டீரியாக்கள் அழிந்த இடத்தில் கிளாஸ்ட்ரிடியாய்டீஸ் டிஃபிசில் என்ற கிருமி குடியேறி நிற்காத வயிற்றுப்போக்கைக் கொண்டுவரும். இவை வெறும் பட்டியல் அல்ல. இப்படிச் சிகிச்சை பெற்றுக் கடும் பாக்டீரியாத் தொற்றுக்கு ஆளான ஐந்து பேரின் விவரத்தை 2017-ல் சிடிசி வெளியிட்டது. அவர்களில் இறந்தவர்களும் உண்டு. பிஸ்மத் கலந்த ஊசி ஒன்று லைமுக்கு என்று சுற்றிக்கொண்டிருந்தபோது, 2006-ல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அதைத் தொட வேண்டாம் என்று எச்சரிக்க வேண்டியிருந்தது.

"எனக்குத் தெரிந்தவருக்கு மூன்றாவது மாதத்தில் சரியானதே" என்பார்கள். ஆகியிருக்கும். இந்தத் தொகுதியில் பலர் மாதங்கள் போகப் போகத் தாமாகவே மெல்லத் தேறுகிறார்கள். போலி மருந்து பெற்றவர்களில் 40 சதவீதம் என்ற எண்ணை இன்னொரு முறை பாருங்கள். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதைதான்.

மூலிகை, தாது உப்புத் தொகுப்புகள்

ஜப்பானிய நாட்வீட், கேட்ஸ் கிளா, கருவால்நட், கிரிப்டோலெபிஸ் என்ற பெயர்கள் இந்தப் புட்டிகளில் திரும்பத் திரும்ப வரும். 2020-ல் வந்த ஓர் ஆய்வில் இவற்றின் சாறுகள் பொரேலியாவைக் கொன்றன என்று விளம்பரம் சொல்லும். கொன்றது உண்மை, கண்ணாடிக் குடுவைக்குள். விழுங்கிய காப்ஸ்யூலிலிருந்து அதே அடர்த்தி ரத்தத்தில் வருமா என்பது வேறு கேள்வி. அதற்கும் முந்திய கேள்வி, கொல்வதற்கு உள்ளே கிருமி இருக்கிறதா என்பது.

இதையெல்லாம் விட எங்களை உறுத்துவது புட்டியின் பின்பக்கப் பொடி எழுத்து. பி6 வைட்டமினைத் தேடுங்கள், பெயர் பைரிடாக்சின். நரம்புக்கு நல்லது என்று ஒரு புட்டியில் 25 மி.கி., சக்திக்கு என்று இன்னொன்றில் 50, மெக்னீசியம் மாத்திரையோடு கூடவே 10. மூன்றையும் சேர்த்தால் தினம் 85 மி.கி. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அமைப்பு 2023-ல் பெரியவர்களுக்கு வைத்த உச்சவரம்பு தினம் 12 மி.கி. அளவு மீறிய பி6 நீண்ட நாள் உள்ளே போனால் என்ன ஆகும் தெரியுமா? காலில் ஊசி குத்துவது போன்ற எரிச்சல், மரத்துப்போதல், நடையில் தள்ளாட்டம். அதாவது, எந்தத் தொல்லைக்காக வாங்கினாரோ அதே தொல்லை. அது கூடியதைப் பார்த்து இன்னொரு புட்டி. பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிவது இப்படித்தான்.

தலைமுடிக்கும் நகத்துக்கும் என்று சேர்க்கும் பயோட்டின் வேறு விதமான குழப்பம் செய்யும். அது தைராய்டு பரிசோதனையின் எண்களையே திரித்துவிடும். தைராய்டு கூடுதலாகச் சுரப்பது போல அறிக்கை வந்து, இல்லாத நோய்க்கு மருந்து தொடங்கிய சம்பவங்கள் உண்டு. ரத்தம் கொடுப்பதற்கு முன் எத்தனை நாள் நிறுத்த வேண்டும் என்று ஆய்வகத்திடம் கேட்டுவிடுங்கள். நீரில் மிதக்கும் வெள்ளித் துகளான கூழ்ம வெள்ளியைப் பற்றி ஒரே வரி: தோல் நீலச் சாம்பல் நிறமாகும், அது திரும்பி வராது.

டாக்சிசைக்ளின் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் நாளில் மெக்னீசியம், கால்சியம், இரும்பு மாத்திரைகளை அதே வேளையில் விழுங்கக் கூடாது. அவை மருந்தைக் கட்டிப்போட்டுக் குடலில் உறிஞ்ச விடாது. இரண்டு மூன்று மணி நேர இடைவெளி வேண்டும்.

இந்த வியாபாரத்தின் சூட்சுமம் "ஹெர்க்ஸ்" என்ற ஒரு சொல்லில் இருக்கிறது. யாரிஷ்-ஹெர்க்ஸ்ஹைமர் எதிர்வினை என்பது மெய்யான நிகழ்வு. தொடக்க நிலை நோயில் முதல் ஆன்டிபயாடிக் வேளைக்குப் பிறகு 24 மணி நேரத்துக்குள் காய்ச்சலும் நடுக்கமும் வந்து ஓரிரு நாளில் அடங்கும். விற்பவர்கள் அந்தச் சொல்லை இழுத்து, மூலிகை தொடங்கி மூன்றாவது வாரத்தில் வரும் தலைவலிக்கும் வயிற்றுவலிக்கும் ஒட்டிவிட்டார்கள். தேறினால் மருந்து வேலை செய்கிறது, மோசமானால் கிருமி சாகிறது, அதாவது மருந்து இன்னும் நன்றாக வேலை செய்கிறது. எந்தப் பக்கம் விழுந்தாலும் விற்பவருக்கே வெற்றி தரும் காசு இது. புதிதாகத் தொடங்கிய ஒன்று மூன்று நாளுக்கு மேல் உடம்பைக் கெடுத்தால் நிறுத்துங்கள். அது கல்லீரல் பாதிப்பால் வரும் மஞ்சள் காமாலையின் தொடக்கமாகவும் இருக்கலாம்.

இதயத்துடிப்புக் கைப்பட்டை, மார்புப் பட்டை

இந்த வரிசையில் நாங்கள் மனசாரப் பரிந்துரைப்பது இதை. இது எதையும் குணப்படுத்தாது. நாளைய வேலையை மாற்றும், அதுவே போதும்.

முதலில் யாருக்கு என்று பார்த்துக்கொள்ள வேண்டும். மிதமான உழைப்புக்குப் பிறகு, உடனே இல்லாமல் 12 முதல் 48 மணி நேரம் கழித்து, களைப்பும் வலியும் மூளை மந்தமும் அலையாக அடித்து ஒரு நாளோ ஒரு வாரமோ சாய்த்துவிடுகிறதா? அப்படியானால் பட்டை உதவும். நடந்த அன்று மூச்சு வாங்குகிறது, மறுநாள் சரியாகிவிடுகிறது என்றால் உங்களுக்குத் தேவை வேறு: படிப்படியாகக் கூட்டும் உடற்பயிற்சி. அப்படிப்பட்டவர் பட்டையைக் கட்டிக்கொண்டு ஒவ்வொரு மணிக்கும் உட்கார்ந்தால் தசைதான் இன்னும் தளரும். இரண்டையும் குழப்பிக்கொண்டவர்கள்தான் "எனக்கு உதவவில்லை" என்று ஒற்றை நட்சத்திரம் போடுகிறார்கள்.

வரம்பு வைக்கும் முறை இது. ஏழு நாள் காலையில் கண் விழித்ததும், எழாமல், படுத்தபடியே துடிப்பைக் குறியுங்கள். சராசரியோடு 15-ஐக் கூட்டுங்கள். சராசரி 68 என்றால் வரம்பு 83. கடுங்களைப்பு நோயாளிகளுக்காக உருவான வழி இது. பீட்டா பிளாக்கர் மருந்து எடுப்பவருக்கு இந்தக் கணக்கு பொருந்தாது, மருந்தே துடிப்பை அமுக்கி வைத்திருக்கும். பட்டை ஒலித்ததும் செய்வதை விட்டுவிட்டு உட்கார வேண்டும், முடிந்தால் காலை உயர்த்தி. துடிப்பு பழைய இடத்துக்கு வந்த பிறகு மீதி வேலை. முதல் வாரத்தில் எது ஒலிக்க வைக்கிறது என்று பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும். நடை அல்ல. நின்றுகொண்டு வெந்நீரில் குளிப்பது, கையைத் தலைக்கு மேல் தூக்கி முடி உலர்த்துவது, படுக்கை விரிப்பை இழுத்து மாற்றுவது. குளிக்க ஒரு முக்காலி, சமைக்க உயரமான நாற்காலி என்று அந்த இடங்களில் மாற்றம் வரும்போதுதான் பட்டை தன் காசைத் திருப்பித் தருகிறது.

வாங்கும்போது ஒன்றைக் கட்டாயம் கேளுங்கள்: அதிகத் துடிப்பு எச்சரிக்கையை எந்த எண்ணில் வேண்டுமானாலும் வைக்க முடியுமா? பல கடிகாரங்களில் 100-க்குக் கீழே வைக்க முடியாது. வைத்தாலும் அசையாமல் இருக்கும்போது மட்டுமே ஒலிக்கும். 83-ல் நிறுத்த வேண்டியவருக்கு அது வெறும் நகை. சாதாரண நிலையில் சில நிமிடத்துக்கு ஒருமுறைதான் அளக்கும் பட்டைகளும் உண்டு. அவற்றை உடற்பயிற்சி நிலைக்கு மாற்றினால்தான் தொடர்ந்து அளக்கும், அப்போது மின்கலம் வேகமாகக் காலியாகும்.

மணிக்கட்டில் பச்சை ஒளியால் அளப்பவை தவறுவது மூன்று இடத்தில். பட்டை தளர்ந்திருந்தால் வெளிச்சம் புகும், அதனால் மணிக்கட்டு எலும்புக்கு இரண்டு விரல் மேலே, இறுக்கமாகக் கட்டுங்கள். கை குளிர்ந்திருந்தால் ரத்த ஓட்டம் குறைந்து எண் தாவும். நடக்கும்போது நிமிடத்துக்கு 110 அடி வைத்தால், சில கருவிகள் அடியின் அதிர்வைத் துடிப்பென்று எண்ணி 110 என்றே காட்டும். சந்தேகம் வந்தால் கழுத்து நாடியில் விரல் வைத்து 30 வினாடி எண்ணி இரட்டியுங்கள். ஐந்துக்கு மேல் வித்தியாசம் வந்துகொண்டே இருந்தால் திருப்பிக் கொடுத்துவிடலாம். மார்புப் பட்டை இதைவிடத் துல்லியம். ஆனால் மின்முனைத் துணியை நனைத்துக் கட்ட வேண்டும், காய்ந்தால் 180, 200 என்று இல்லாத எண்களைக் காட்டிப் பயமுறுத்தும். கழற்றியதும் நடுவில் உள்ள பெட்டியைப் பிரித்து வையுங்கள். ஒட்டியே இருந்தால் ஈரத்தில் இயங்கிக்கொண்டே பொத்தான் மின்கலத்தைத் தின்றுவிடும்.

காலையில் "இன்றைய தயார்நிலை 81" என்று பட்டை தரும் மதிப்பெண்ணுக்கு மட்டும் தலை ஆட்டாதீர்கள். நன்றாக இருக்கும் நாளில் ஒரு வாரத்து வேலையை முடித்துவிட்டு நான்கு நாள் படுப்பதுதான் இந்த நோயில் எல்லோரும் விழும் குழி. அந்த மதிப்பெண் குழிக்கு வழிகாட்டுகிறது. நல்ல நாளில் முடியும் என்று தோன்றுவதில் மூன்றில் இரண்டு பங்கை மட்டும் செய்யுங்கள். இரண்டு வாரம் சரிவில்லாமல் ஓடினால் பத்தில் ஒரு பங்கைக் கூட்டுங்கள். சரிந்தால் முந்தைய இரண்டு நாளில் என்ன செய்தீர்கள் என்று குறிப்பேட்டைப் புரட்டுங்கள், அன்றைய பக்கத்தை அல்ல.

அழுத்தக் காலுறையும் உப்புப் பொட்டலமும்

எழுந்து நின்றால் படபடப்பு, தலை கிறுகிறுப்பு, படுத்தால் தெளிவு. இப்படி இருப்பவர் வாங்குவதற்கு முன் வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம், துணைக்கு ஒருவர் அருகில் இருக்க வேண்டும். பத்து நிமிடம் படுத்திருந்து துடிப்பையும் ரத்த அழுத்தத்தையும் குறியுங்கள். பிறகு எழுந்து, குதிகால் சுவரிலிருந்து 15 செ.மீ. தள்ளி இருக்க, தோளை மட்டும் சுவரில் சாய்த்து, பேசாமல் அசையாமல் பத்து நிமிடம் நில்லுங்கள். நிமிடத்துக்கு ஒருமுறை அளவு. ரத்த அழுத்தம் பெரிதாக விழாமல் துடிப்பு மட்டும் 30-க்கு மேல் கூடி அங்கேயே நின்றால், 12 முதல் 19 வயதினருக்கு 40-க்கு மேல், அந்தத் தாளோடு மருத்துவரைப் பாருங்கள். மயக்கம் வருவது போல இருந்தால் உடனே படுத்துவிட வேண்டும், பத்து நிமிடத்தை முடித்தே தீர வேண்டும் என்ற வீம்பு வேண்டாம்.

காலுறையில் மக்கள் செய்யும் தவறு முழங்கால் வரை உள்ளதை வாங்குவது. ரத்தம் தேங்குவது தொடையிலும் வயிற்றிலும். இடுப்பு வரை வரும் வகை வேண்டும், இல்லையென்றால் வயிற்றுப் பட்டையாவது. அழுத்தம் 20-30 மில்லிமீட்டர் பாதரசம் என்பது தொடங்க ஏற்றது. காலை எழுந்ததும், கால் வீங்குவதற்கு முன், கணுக்கால், கெண்டைக்கால், தொடை மூன்றையும் அளந்து அட்டவணையில் பார்த்து வாங்குங்கள். பெரிய அளவு வாங்கினால் பயனில்லை, சிறியதை வாங்கினால் மேல் விளிம்பு சுருண்டு கயிறு போல இறுக்கும். ரப்பர் கையுறை போட்டு ஏற்றினால் பாதி மல்லுக்கட்டு குறையும். தினமும் போட்டால் ஆறு மாதத்தில் நெகிழ்ந்துவிடும். காலில் தமனி அடைப்பு உள்ளவர் மருத்துவரைக் கேட்காமல் போடவே கூடாது.

உப்புப் பொட்டலத்தில் முன்பக்கப் படத்தை விட்டுவிட்டுச் சோடியத்தைப் பாருங்கள். உலக சுகாதார நிறுவனத்தின் வாய்வழி நீரேற்றக் கரைசலில் ஒரு லிட்டருக்கு 75 மில்லிமோல், அதாவது ஏறத்தாழ 1,700 மி.கி. சோடியம் உண்டு. விளையாட்டு வீரர்களுக்கான இனிப்புப் பானங்களில் பெரும்பாலும் அதில் நான்கில் ஒரு பங்குதான், மிச்சம் சர்க்கரையும் நிறமும். மருந்துக்கடையில் கிடைக்கும் சாதாரண ஓ.ஆர்.எஸ். பொட்டலமே இந்த வேலைக்குப் போதும். ரத்த அழுத்தம் கூடியவர்கள், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள், கர்ப்பிணிகள் இந்தப் பத்தியைத் தாண்டிப் போகலாம்.

மீதிச் சில்லறை

அதிர்வெண் கருவிகள்: கிருமியை ஒலியால் வெடிக்க வைக்கும் என்பார்கள். வேண்டாம். அகச்சிவப்பு வெப்ப அறை வலிக்குக் கொஞ்சம் இதமாக இருக்கலாம், ஆனால் நின்றாலே துடிப்பு ஏறுபவருக்கு வெப்பம் ரத்தக்குழாய்களை விரித்து மயக்கத்தில் தள்ளும். நினைவாற்றல் விளையாட்டுச் செயலிகள் அந்த விளையாட்டில் கெட்டிக்காரராக்கும், சாவி வைத்த இடம் நினைவுக்கு வராது. தூக்கமின்மைக்கான அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சையைச் செயலியாகத் தருபவை மட்டும் விதிவிலக்கு. எத்தனை மணிக்குத் தூங்கினாலும் ஒரே நேரத்துக்கு எழுவது, தூக்கம் வராவிட்டால் படுக்கையை விட்டு எழுந்துவிடுவது என்ற அதன் விதிகள் கடுப்பேற்றும், ஆனால் தூக்கம் திரும்பும். கடும் சரிவு உள்ளவர்கள் அதில் வரும் படுக்கை நேரக் குறைப்பை மருத்துவரோடு பேசித் தளர்த்திக்கொள்ள வேண்டும். நரம்பு வலிக்குக் கடையில் கிடைக்கும் களிம்புகளைவிட, மருத்துவர் எழுதும் குறைந்த அளவு அமிட்ரிப்டிலின், டுலாக்செடின், காபாபென்டின் போன்றவை கூடுதல் பலன் தரக்கூடும்.

கடைசியாக, எந்தக் கடையிலும் விற்காத ஒரு பொருள்: மருத்துவரிடம் கொண்டுபோகும் ஒற்றைத் தாள். மருத்துவருக்கு உங்களோடு இருக்கும் நேரம் குறைவு. நாற்பது பக்க அச்சுப்பிரதியை அவர் புரட்ட மாட்டார். தாளின் மேலே நான்கு வரி: கடி அல்லது தடிப்பு வந்த தேதி, எந்த மருந்து, எத்தனை மி.கி., எத்தனை நாள். நடுவில், சுவரில் சாய்ந்து நின்று செய்த சோதனையின் பத்து எண்கள். அதன் கீழே சரிந்த நாட்களும் அதற்கு இரண்டு நாள் முன்பு செய்த வேலையும். அடியில் இப்போது விழுங்கும் எல்லாப் புட்டிகளின் பெயரும் அளவும், பி6 எவ்வளவு என்று கூட்டிப்போட்டு. "எனக்கு இன்னும் லைம் இருக்கிறதா" என்று கேட்டால் அவரிடம் பதில் இருக்காது. "நின்றதும் 74-லிருந்து 112 ஆகிறது, இதற்கு என்ன செய்யலாம்" என்று கேளுங்கள்.